நீர்க்கடுப்பு: சூடா, தொற்றா?

புனே நகரில், ரயில் பாதைகளுக்கும் ராணுவக் குடியிருப்புகளுக்கும் நடுவே அமைந்துள்ளது கோர்படி. டீசல் எஞ்சின் பணிமனை இங்கே உள்ளது. ரயில்வேயிலும் ராணுவம் சார்ந்த பணிகளிலும் சேர்ந்து இந்நகருக்கு வந்து, தலைமுறைகளாக இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியை நெருங்கும்போது, இப்பகுதி வீடுகளில் ஒரே தொல்லைக்கு இரண்டு பெயர்கள் கேட்கும். தமிழ் வீட்டில், "சூடு பிடித்துக்கொண்டது" என்பார்கள். அடுத்த மராத்தி வீட்டில், "உன்ஹாளி" என்பார்கள். 'உன்ஹாளா' என்றால் கோடை. சிறுநீர் கழிக்கும்போது ஏற்படும் எரிச்சலுக்கு இரு மொழிகளும் வெயிலையே காரணமாகக் காட்டுகின்றன.

இந்த விளக்கத்தில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியை அறியாமல் இருப்பதால்தான் பலர் மருத்துவமனைப் படுக்கை வரை செல்ல நேர்கிறது. அவர்களுள் நானும் ஒருத்தி என்பதால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஒரு மார்ச் மாதத்து அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன், நான் காசாளர் இருக்கையில் பணியாற்றிக் கொண்டிருந்தேன். ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதம். இருக்கையை விட்டு எழுவதென்றால் பணப் பெட்டியைப் பூட்ட வேண்டும்; வரிசையில் நிற்பவர்களைக் காக்க வைக்க வேண்டும். ஆகவே, எழ நேரக்கூடாது என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். காலையில் வீட்டில் கழிவறைக்குச் சென்றால், மறுபடி பிற்பகல்தான்.

ஒருநாள் எரிச்சல் தொடங்கியது. தொலைபேசியில் கேட்ட அம்மா, "எல்லாம் சூடுதான், வெந்தயம் ஊறப்போட்டு மோரில் குடி" என்றார். பக்கத்து வீட்டுக் காக்கூ, தனியாவும் சீரகமும் ஊறவைத்த நீரைச் செம்பில் கொண்டுவந்து தந்தார். இருவரின் அன்பிலும் குறை இல்லை. ஆனால், மூன்றாம் நாளும் எரிச்சல் நிற்கவில்லை. மருத்துவரிடம் இதைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருந்தது. மருந்துக் கடையில் கேட்டு இரண்டு நாள் மாத்திரை வாங்கி விழுங்கினேன். சற்றே தணிந்தது, மறந்துவிட்டேன். ஒரு வாரம் சென்றபின், உடல் தூக்கிப்போடும்படி குளிர்க்காய்ச்சல் வந்தது. வலப்பக்க விலாவின் கீழே, முதுகுப்புறம் கைவைக்க முடியாத வலி. தொற்று சிறுநீரகத்தை எட்டிவிட்டது என்றார்கள். நான்கு நாள்கள் மருத்துவமனையில் நரம்பு வழியாக மருந்து ஏறியது.

"முதலிலேயே வந்திருந்தால் ஒரு சிறுநீர்ப் பரிசோதனையோடும் சில நாள் மாத்திரையோடும் போயிருக்கும்" என்றார் மருத்துவர்.

ஒரு கடன் கணக்கு 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால்தான் வாராக்கடன் ஆகிறது. அதற்கு முன்பே, 30 நாள் வரை, 60 நாள் வரை, 90 நாள் வரை என்று மூன்று படிகளில் அதை அடையாளம் கண்டு எச்சரிக்கும் முறையை வங்கியில் நாங்கள் அன்றாடம் கையாளுகிறோம். என் உடல் அளித்த எச்சரிக்கையை மட்டும் நான் கவனிக்கத் தவறினேன். இந்நோயிலும் படிகள் உண்டு. எந்த அறிகுறி எந்தப் படி என்று அறிந்திருந்தால் போதும்.

பாதை எவ்வாறு அமைந்துள்ளது?

முதுகுப்புறத்தில், கடைசி விலா எலும்புகளை ஒட்டி இரு சிறுநீரகங்கள் உள்ளன. அவற்றிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் இறங்கி, அடிவயிற்றில் உள்ள சிறுநீர்ப்பையை அடைகின்றன. பையிலிருந்து ஒரு குழாய் வெளியே திறக்கிறது. இந்த முழுப் பாதையில் எங்கே கிருமி பெருகினாலும் அது சிறுநீர்ப் பாதைத் தொற்று எனப்படும். பையோடு நின்றால் அது கீழ்ப்பாதைத் தொற்று. சிறுநீரகத்துக்கு ஏறினால் மேல்பாதைத் தொற்று.

பெரும்பாலான தொற்றுகளுக்குக் காரணம் ஈ. கோலை என்னும் பாக்டீரியா. தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் 1885-இல் இதனை விவரித்தார். நம் குடலில் இயல்பாக வாழும் கிருமி இது. குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லையில்லை. அங்கிருந்து சிறுநீர்ப் பாதைக்குள் நுழைந்தால்தான் தொற்று.

பெண்களுக்கு வெளியேறும் குழாயின் நீளம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் மட்டுமே. ஆண்களுக்கு அது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். கிருமி கடக்க வேண்டிய தூரம் பெண்களுக்கு மிகக் குறைவு; மலவாய்க்கும் அது அருகில் உள்ளது. பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தொற்று வருவதற்கு இவ்வுடலமைப்பே முதன்மைக் காரணம். சுத்தமில்லாதவர்களுக்கு வரும் நோய் என்று எண்ணிக் கூச்சப்படுவதில் பொருளில்லை.

முதல் படி: பை அளிக்கும் அறிகுறிகள்

கீழ்ப்பாதைத் தொற்றின் அறிகுறிகள் பெரும்பாலும் திடீரென்று தொடங்கும்.

• சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் அல்லது கடுப்பு.
• அடிக்கடி கழிக்கத் தோன்றுதல்; சென்றால் சில சொட்டுகளே வருதல்.
• அடக்க முடியாத அவசரம். கழித்த பின்னும் மீதி இருப்பது போன்ற உணர்வு.
• தொப்புளுக்குக் கீழே அடிவயிற்றில் வலி அல்லது அழுத்தம்.
• கலங்கிய சிறுநீர், வழக்கத்துக்கு மாறான கடும் நாற்றம்.
• இளஞ்சிவப்பு அல்லது சிவப்பு நிறம். இது இரத்தம் கலந்திருப்பதைக் காட்டலாம்.

இந்நிலையில் காய்ச்சல் பொதுவாக இராது. அதனாலேயே பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை.

சில மயக்கங்களையும் நீக்கிக்கொள்வோம். பீட்ரூட் சாப்பிட்டால் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும். வைட்டமின் மாத்திரையால் அடர் மஞ்சளாகும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மருந்தால் ஆரஞ்சு நிறமாகும். இவை தொற்று அல்ல. வெள்ளைப்படுதலும் அரிப்பும் முன்னிற்குமானால், அது பெண்ணுறுப்பில் ஏற்பட்ட வேறு தொற்றாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வேறு. விலாவிலிருந்து கவட்டை நோக்கி விட்டுவிட்டு வரும் கடும் வலி, கல்லின் அறிகுறியாக இருக்கலாம். வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் வந்தாலும், குறிப்பாக நடுவயதைக் கடந்தவர்கள், வலியில்லை என்று விட்டுவிடாமல் மருத்துவரைக் காண வேண்டும்.

சூடா, தொற்றா?

இப்போது 'சூடு' என்னும் விளக்கத்துக்கு வருவோம். வெயிலில் வியர்வை மிகுந்து, குடிக்கும் நீர் குறைந்தால், சிறுநீர் செறிந்து அடர் மஞ்சளாகும். அத்தகைய சிறுநீர் கழிக்கும்போது இலேசான எரிச்சல் தருவது உண்டு. தண்ணீரும் மோரும் இளநீரும் குடித்து நிறம் வெளிறியதும் அது அடங்கிவிடும். நம் பாட்டிமார் சொன்னதில் பாதி உண்மை என்றது இதைத்தான்.

தொற்று அவ்வாறு அடங்காது. சிறுநீர் வெளிறிய பின்னும் எரிச்சல் தொடர்ந்தால், அல்லது எரிச்சலோடு அவசரம், அடிவயிற்று வலி, கலங்கல் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தால், அது வெயிலின் வேலையன்று. ஒரு நாள் நன்றாகத் தண்ணீர் குடித்தும் தணியவில்லை என்றால் மறுநாள் மருத்துவரிடம் செல்வதே முறை. கால் பெருவிரலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு இன்னும் ஒரு வாரம் காத்திருப்பதால், கிருமி மேலேறக் காலம் கிடைக்கிறது. கருவுற்றோர், நீரிழிவு உள்ளோர், குழந்தைகள், ஆண்கள் ஆகியோர் அந்த ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். சிறுநீரில் இரத்தம் கண்டால் எவரும் காத்திருக்க வேண்டாம்.

இரண்டாம் படி: அன்றே மருத்துவமனை

தொற்று சிறுநீரகத்தை எட்டியதைப் பின்வருவன உணர்த்தும்.

• உடல் நடுங்கும் குளிருடன் கூடிய காய்ச்சல்.
• விலாவின் கீழே, முதுகின் ஒரு பக்கத்திலோ இரு பக்கங்களிலோ வலி. அவ்விடத்தைத் தட்டினால் மிகும்.
• குமட்டல், வாந்தி.
• மிகுந்த சோர்வு.

இவை வந்தபின், எரிச்சல் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக் கொண்டிருக்கக் கூடாது. அன்றே மருத்துவரைக் காண வேண்டும். மூச்சு வாங்குதல், குழப்பமான பேச்சு, மயக்கம், சிறுநீர் மிகக் குறைந்து போதல் ஆகியவை சேர்ந்தால், தொற்றின் விளைவு உடல் முழுவதையும் பாதிக்கும் நிலை வந்துவிட்டது எனக் கொண்டு, உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இது உயிருக்கு ஆபத்தான நிலை. விடியட்டும் என்று பொறுத்திருப்பது கூடாது.

அறிகுறிகள் மாறித் தோன்றுவோர்

*குழந்தைகள்:* பேச்சறியாக் குழந்தை எரிச்சல் என்று சொல்லாது. காரணம் தெரியாத காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், வாந்தி, ஓயாத அழுகை ஆகியவையே அடையாளம். படுக்கையை நனைக்கும் பழக்கம் நின்றுபோன பிள்ளை மீண்டும் நனைத்தால், கண்டிப்பதற்கு முன் சிறுநீரைப் பரிசோதியுங்கள்.

*கருவுற்ற பெண்கள்:* அறிகுறியே இல்லாமல் சிறுநீரில் கிருமி பெருகுவது இவர்களிடம் உண்டு. கவனிக்காமல் விட்டால் அது சிறுநீரகத் தொற்றாக மாறலாம்; குறைப்பிரசவத்துக்கும் வழிவகுக்கலாம். எனவே கருவுற்ற தொடக்க மாதங்களிலேயே சிறுநீர்ப் பரிசோதனை இன்றியமையாதது. 2016-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்கீழ், ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கருவுற்றோருக்கு இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது.

*முதியோர்:* எரிச்சலும் காய்ச்சலும் தெளிவாகத் தோன்றாமல் போகலாம். திடீரென உணவில் விருப்பமின்மை, தடுமாறி விழுதல், புதிதாகச் சிறுநீர் அடங்காமை, நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று குழம்பிப் பேசுதல் ஆகியவற்றை 'வயதானால் அப்படித்தான்' என்று ஒதுக்கக் கூடாது. தொற்று ஒரு காரணமாக இருக்கலாம். உடலில் நீர் வற்றியதோ, சர்க்கரை அளவோ, உட்கொள்ளும் மருந்தோ காரணமாக இருக்கலாம். எது என்பதை மருத்துவர்தாம் கூற வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, ஹார்மோன் குறைவதால் அப்பகுதியின் இயல்பான பாதுகாப்புக் குறைந்து, தொற்று மீண்டும் மீண்டும் வரலாம். அதற்கும் சிகிச்சை உண்டு.

*ஆண்கள்:* இளம் வயதில் அரிது. வந்தால் அதன் பின்னணியில் கல்லோ வேறு அடைப்போ உண்டா என்று பார்ப்பார்கள். ஐம்பதைத் தாண்டியோருக்கு, புராஸ்டேட் சுரப்பி வீங்கிப் பை முழுதும் காலியாகாமல் நீர் தேங்குவது முக்கியக் காரணம். இரவில் பலமுறை எழுவதும், நீர் மெலிந்து தயங்கி வருவதும் அதன் முன்னறிவிப்பு.

சிறு சீசாவும் பெரிய பயனும்

மருத்துவர் இரண்டு பரிசோதனைகளை எழுதக்கூடும். முதலாவது சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை. சீழ்ச் செல்கள், இரத்தம் முதலியவை உள்ளனவா என்பதை அன்றே தெரிவிக்கும். இரண்டாவது கல்ச்சர் பரிசோதனை. இதில் கிருமியை வளர்த்து, அது எது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று கண்டறிவார்கள். முடிவு வர இரண்டு, மூன்று நாள்கள் ஆகும். ஒரு மில்லி லிட்டரில் ஒரு லட்சம் கிருமிக்கு மேல் இருந்தால் தொற்று என்பது நெடுங்காலமாக வழங்கும் அளவுகோல். அறிகுறி உள்ளவர்களிடம் அதற்குக் குறைந்த எண்ணிக்கையையும் மருத்துவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வர்.

மாதிரி எடுக்கும் முறை சரியாக இல்லாவிட்டால் முடிவும் பிழையாகும். கைகளையும் உறுப்புப் பகுதியையும் தண்ணீரால் கழுவிக்கொண்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் பரிசோதனைக் கூடம் தந்த தூய சீசாவில் பிடிக்க வேண்டும். வீட்டில் கிடந்த பழைய பாட்டில் கூடாது. ஒரு மணி நேரத்துக்குள் ஒப்படைப்பது நலம். தாமதமானால் அறை வெப்பத்திலேயே கிருமி பெருகி, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டும். கல்ச்சருக்கான மாதிரியைக் கொடுத்த பின்னரே ஆன்டிபயாடிக் மருந்தைத் தொடங்க வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க. கடும் காய்ச்சலில் இருப்பவருக்கு மருத்துவர் மாதிரி எடுத்தவுடனே மருந்து தொடங்குவார்.

சிவப்புக் கோடு

மருந்து அட்டையின் பின்புறத்தில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருப்பதைப் பலரும் கண்டிருப்போம். மருத்துவரின் சீட்டு இன்றி அதை வாங்கவும் உண்ணவும் கூடாது என்பதே அதன் பொருள். மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் இதுபற்றி மக்களிடையே விழிப்புணர்வு இயக்கம் நடத்தியது. நான் வாங்கிய அட்டையிலும் அக்கோடு இருந்தது; நான் அதைப் படிக்கவில்லை.

அரைகுறையாக உண்ட மருந்து, கிருமியின் ஒரு பகுதியை மட்டும் அழிக்கிறது. தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. ஒரு காலத்தில் நீர்க்கடுப்புக்கு வழக்கமாகக் கொடுக்கப்பட்ட சில மாத்திரைகள், இன்று இந்தியாவில் ஈ. கோலை கிருமியிடம் பெருமளவு வலுவிழந்துள்ளன. சென்ற முறை மீந்த மாத்திரை, பக்கத்து வீட்டார் தந்த மாத்திரை என்பவை இக்காரணத்தாலேயே தவிர்க்கத்தக்கவை. எரிச்சல் நின்றதும் மருந்தை நிறுத்திவிடாமல், சொன்ன நாள்கள் வரை உண்ண வேண்டும். இரண்டு நாளில் குணம் தெரியாவிட்டால் மீண்டும் மருத்துவரைக் காண வேண்டும்.

இதற்கு மறுபுறமும் உண்டு. அறிகுறி ஏதும் இல்லாத முதியவரின் அறிக்கையில் கிருமி காணப்பட்டதனாலேயே மருந்து தேவை என்று ஆகிவிடாது. கருவுற்றோர், சில அறுவைச் சிகிச்சைக்குச் செல்வோர் போன்றோர் தவிர மற்றவர்களுக்கு அந்நிலையில் பொதுவாக மருந்து தருவதில்லை.

தண்ணீரும் கழிவறையும்

தண்ணீர் குடிப்பதன் பயன் கணக்கிட்டுக் காட்டப்பட்டுள்ளது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி பைத் தொற்று வரும், நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகவே நீர்மம் அருந்தும் 140 பெண்கள் பங்கேற்றனர். பாதிப் பேர் வழக்கத்துக்கு மேல் ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தனர். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது; மற்றவர்களுக்கு 3.2 முறை. ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காக நீரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால், குடித்த நீரைக் கழிக்க இடம் வேண்டுமே! நம் நாட்டில் எத்தனையோ பெண்கள் தண்ணீரைத் தவிர்ப்பது இக்கவலையாலேயே. புனேயில் 2016-இல், ஓடிக் களைத்த பழைய நகரப் பேருந்துகளைப் பெண்களுக்கான கழிவறைகளாக மாற்றி, ஐந்து ரூபாய்க் கட்டணத்தில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் உல்கா சடல்கரும் ராஜீவ் கேரும். 'தீ' என்பது அத்திட்டத்தின் பெயர். மராத்தியில் 'அவள்' என்று பொருள். இப்பகுதி மக்களுக்குப் பழக்கமான ரயில் எஞ்சினையே எடுத்துக்கொண்டாலும், அண்மைக் காலம் வரை அதில் ஓட்டுநருக்குக் கழிவறை கிடையாது. நாட்டின் முதல் பெண் ரயில் ஓட்டுநரான சுரேகா யாதவ், 2011 மார்ச் 8 அன்று புனேயிலிருந்து மும்பைக்கு டெக்கான் குயின் ரயிலை ஓட்டிச் சென்றதை நாடு கொண்டாடியது. அத்தகைய பணியில் உள்ள பெண்கள் மணிக்கணக்கில் அடக்கிக்கொள்ள நேர்வதைப் பற்றிப் பேச்சு எழுந்தது பின்னர்தான். தமிழ்நாட்டில், கடைகளில் நாள் முழுதும் நின்றே பணிபுரிவோருக்கு இருக்கை தர வேண்டும் என 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. இருக்கையைப் போலவே, கழிவறைக்குச் சென்றுவரச் சில நிமிடங்களும் பணியாளரின் தேவை என்பதை மேலாளர்களும் வணிகர்களும் உணர வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை எளியவை. மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கலாம். உடலுறவுக்குப் பின்னும் கழித்துவிடுவது நல்லது. பெண்கள் முன்னிருந்து பின்னாகத் துடைக்கவும் கழுவவும் வேண்டும். மணமூட்டிய கழுவு திரவங்கள் தேவையில்லை. நீரிழிவு உள்ளோர் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். மலச்சிக்கலைத் தவிர்க்க வேண்டும். ஆறு மாதத்தில் இருமுறையோ ஓராண்டில் மும்முறையோ தொற்று வந்தால், ஒவ்வொரு முறையும் மாத்திரையோடு விட்டுவிடாமல் மூலகாரணத்தை ஆராயச் சொல்லிக் கேட்க வேண்டும்.

கேட்கப்படாத கேள்வி

ஒவ்வொரு நவம்பரிலும் ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்று அளிக்கக் கிளைக்கு வருகிறார்கள். ரயில்வேயிலும் ராணுவத்திலும் உழைத்து ஓய்ந்தவர்கள், அவர்களின் துணைவியர், கைம்பெண்கள். நான் இப்போது வரிசையில் நிற்கும் அம்மாக்களிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதோடு, கழிவறை இருக்கும் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். முதலில் தயங்கினார்கள். இப்போது சிலர் தாமாகவே வந்து, "எங்கே இருக்கிறது, அம்மா?" என்று கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வியைத் தயங்காமல் கேட்பவர், "எரிகிறது, டாக்டர்" என்பதையும் தயங்காமல் சொல்வார். எரிச்சல் ஒரு நாளில் அடங்காவிட்டால் மருத்துவர். குளிர்க்காய்ச்சலும் விலா வலியும் வந்தால் அன்றே மருத்துவமனை. இவ்விரு வரிகளையும் வீட்டில் உள்ள அனைவருக்கும் இன்றே சொல்லிவையுங்கள்.